கழன்ற குழாய்

படகு இரண்டாவது சுற்றில் திரும்பியபோது அர்ச்சுனனின் கண் அதன் வலது விலாவுக்குத்தான் போனது. அங்கே ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தீக்குச்சி தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். வரவில்லை.

“அண்ணே, தண்ணி உடல. கட் பண்ணு, கட் பண்ணு!”

பெல்வின் ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் குட்டையின் நடுவில் படகு ஒருமுறை இருமியது. மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை மெல்லிசாகக் கிளம்பி, மாசி மாதத்து அசையாத காற்றில் அப்படியே நின்றது. அதுவரை மலைச்சரிவு முழுக்க வீறிட்டுக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதும்தான் எதிர்க்கரையில் துணி அடிக்கிற சத்தம் காதில் விழுந்தது. துவைத்துக்கொண்டிருந்த நீலாவதியும் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

அர்ச்சுனன் லாரி ட்யூபில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிப் போய் படகை இழுத்துவந்தான். மூன்றடி நீளம். பெல்வின் சந்தவாசலில் தன் கடைக்குப் பின்னால் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து கண்ணாடி இழையும் பிசினும் பூசி வார்த்த உடம்பு அது. கரையில் வைத்து மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் நின்றது. கண்ட்ரோலரின் மேல்பக்கம் கருகிப்போய், எரிந்த பிளாஸ்டிக்கும் கெட்ட மீனும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம்.

பெல்வின் முதலில் பேட்டரியைக் கழற்றித் தூரத்தில் வெறும் மண்ணில் வைத்துவிட்டு வந்தான். பிறகு குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“இத்த பாரு அர்ச்சுனா.”

தண்ணீர் போகிற ரப்பர் குழாய், கண்ட்ரோலரின் மூக்கிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது.

“ஆட்டத்துல கழண்டிருக்கும்ண்ணே.”

“ஒரு மாசமா கழலாதது இன்னிக்கி மட்டும் எப்பிடி கழண்டுது? நான்தானே மாட்னேன். மேல கம்பி போட்டு முறுக்கல, அது நெசம். ஆனா இத்த புடுங்கணும்னா எனக்கே ரெண்டு கை வேணும்.” பெல்வின் எதிர்க்கரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “யாரோ புடுங்கி உட்டுகிறாங்க.”

வாரம் முழுக்கப் படகு இருந்தது அர்ச்சுனன் வீட்டில்.

இருவருக்கும் பழக்கம் ஆறு வருஷமாக. பெல்வினுக்கு சந்தவாசலில் பம்புசெட் மோட்டார் காயில் கட்டுகிற கடை. மலைமேல் அர்ச்சுனனின் ஊரில் ஒரு மோட்டார் புகைந்தபோது வந்தவன், அர்ச்சுனன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சின்ன விமானத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை மறந்துபோனான். அர்ச்சுனன் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் பெங்களூரில் ரிமோட் விமானமும் படகும் விற்கிற ஒரு கடையில் ரிப்பேர் பார்த்தவன். அப்பன் செத்த பிறகு சாமையும் புளியும் பார்க்க மலைக்குத் திரும்பிவிட்டான். கை மட்டும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பெல்வின் போளூர் வழியாக வண்டியில் ஏறிவருவது அதன் பிறகு வழக்கமாயிற்று. அவன் பெண்டாட்டி ஜெப்சி கட்டிக்கொடுக்கிற கேக்கோ முறுக்கோ வண்டிப் பெட்டியில் இருக்கும்.

படகில் பெல்வினுக்கு மோட்டார் தெரியும். கண்ட்ரோலர் அர்ச்சுனனுக்குத்தான் தெரியும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சோப்புக் கட்டி அளவில் இருக்கிற பெட்டி அது. பேட்டரியிலிருந்து வருகிற மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புவது அதன் வேலை. நூறு ஆம்பியருக்கு மேல் போனால் வெட்டுகிற இடமெல்லாம் கொதிக்கும். விமானமாக இருந்தால் எதிர்க்காற்று படும். மூடின படகுக்குள் காற்று ஏது? அதனால் படகைத் தள்ளுகிற விசிறிக்குப் பின்னாலேயே ஒரு பித்தளைக் குழாய் வைத்து, குட்டைத் தண்ணீரையே உள்ளே இழுத்து, கண்ட்ரோலரைச் சுற்ற வைத்து, விலா வழியாக வெளியே விடுவார்கள். அந்தத் தாரை வெளியே தெரிகிறவரை கவலையில்லை.

புரட்டாசியில் ஒரு கண்ட்ரோலர் போயிற்று. அது அர்ச்சுனனின் தப்பு. வேகத்துக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறின விசிறியை மாட்டிவிட்டான். “எம்மேலதான்ண்ணே தப்பு” என்று அப்போதே சொன்னான். பெல்வினும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை விசிறி சின்னது. ஒயர் தடிமனானது. ஓட்டி நிறுத்தினதும் சூடு பார்க்கக் கண்ட்ரோலர்மேல் விரலை வைத்து ஐந்து எண்ணுவான் அர்ச்சுனன். பத்துகூட எண்ண முடிந்தது. பங்குனி முதல் வாரம் ஓசூர்ப் பக்கம் ஓர் ஏரியில் போட்டி. பெயர் கொடுத்தாயிற்று. இப்போது இது.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. ரேணுகாதேவி சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் வைத்திருந்தாள். பெல்வின் வந்தால் பேச்சுக்குக் குறைவிருக்காது. இன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கச் சுவரில், கூரை இறக்கத்துக்குக் கீழே, படகு தொங்குகிற இரண்டு கயிற்று வளையம். அதற்கு நேர் கீழே புளிக்கு எடுத்துவைத்த சாக்குக் கட்டு. பக்கத்தில் அடுப்பங்கரைக் கதவு.

“தங்கச்சி, வாரத்துல இந்தப் பக்கம் யாராச்சும் வந்து போவாங்களா?”

“எந்தப் பக்கம்ண்ணா?”

“இந்தப் படகு மாட்டியிருக்கற பக்கம்.”

ரேணுகா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். “ஆடு வரும். கோழி வரும். மீன் சங்கத்துக்காரங்க நோட்டுல கையெழுத்து வாங்க வருவாங்க. மத்தபடி வூட்ல நான் ஒருத்திதானே கீறேன். இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. ஒரு கொழா கழண்டுகினு இருந்துது. அதான்.”

“தானா கழண்டுதா, கழட்னாங்களா?”

“அதான் தெரியல.”

“தெரியாம கேக்கறியா, தெரிஞ்சிகினு கேக்கறியாண்ணா?”

பெல்வின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அர்ச்சுனன் மொச்சைத் தோலை இலையின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெல்வின் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐப்பசியில் மழைத் தண்ணீர் நிறைந்ததும் ஊரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து அந்தக் குட்டையில் கெண்டைக் குஞ்சு விட்டிருந்தார்கள். பங்குனிக் கடைசியில் வலை போடுவதாக இருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு ரேணுகாதான் தலைவி. தை மாதம் இரண்டு மீன் செத்து மிதந்தது. ஒன்றுக்கு முதுகில் காயம். படகின் சத்தத்தில் மீன் தீனி எடுக்கவில்லை, விசிறியில் அடிபடுகிறது என்று நீலாவதி ஆரம்பித்தாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தலைவி வீட்டுக்காரனே ஓட்டுகிறான், யாரிடம் போய்ச் சொல்ல என்று குத்தலாகப் பேசினார்கள். “இந்தச் சனியன் ஒருநாள் வெந்து போவட்டும்” என்று ரேணுகா ஒருமுறை பெல்வின் எதிரிலேயே சொன்னதுண்டு. அன்றைக்கு மூன்று பேரும் அதற்குச் சிரித்தார்கள்.

பெல்வின் கிளம்பும்போது வண்டியை உதைத்துவிட்டு, உடனே கிளம்பாமல் நின்றான்.

“நான் யாரையும் சொல்லல அர்ச்சுனா. புதுசு ஒண்ணு எங்கிட்ட கீது, அடுத்த வாரம் எடுத்தாறேன். அதுவரைக்கும் நீ கொஞ்சம் பாத்துக்க.”

“இன்னாத்த பாத்துக்கறது?”

“பாத்துக்கன்னா பாத்துக்க. அவ்ளோதான்.”

மறுநாளிலிருந்து புளி வேலை. விடியலில் பனி இறங்கி இலையெல்லாம் ஈரமாக இருக்கும். வெயில் ஏறினதும் மரத்தில் ஏறி உலுக்க வேண்டும். அர்ச்சுனன் கிளைமேல் நின்று மிதிப்பான், ரேணுகா கீழே பொறுக்குவாள். பதினான்கு வருஷமாகச் செய்கிற வேலை. பேச்சே தேவையில்லை. ஆனால் அந்த வாரம் அவன் மேலிருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பலமான கை. ஈரப் புளியம் விளாரைக்கூட ஒரே முறுக்கில் ஒடிக்கிற கை. ரப்பர் குழாயைப் பிடுங்க அந்தக் கைக்கு எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன இடத்தில் நீலாவதி நின்றிருந்தாள்.

“இன்னாண்ணா, படகு கெட்டு பூட்டுச்சாமே?”

“ரிப்பேரு.”

“உன் பொண்டாட்டி போன மாச கூட்டத்துலயே சொன்னா. இந்தப் படகு வெவகாரத்துக்கு நான் ஒரு முடிவு கட்றேன், நீங்க வாய மூடிகினு இருங்கன்னு.” நீலாவதி எண்ணெய்ப் பாட்டிலை முந்தானையில் துடைத்தாள். “கட்டிட்டா போலகீது.”

அவன் சர்க்கரை வாங்க மறந்து திரும்பிவந்தான். என்ன முடிவு என்று ரேணுகாவிடம் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. சந்தேகம் வந்தவனுக்குக் கேட்பதைவிடக் கவனிப்பதுதான் பிடிக்கிறது. அவள் கூட்டுவது, குனிவது, பக்கச் சுவர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவது எல்லாவற்றுக்கும் அவன் கணக்கில் ஓர் அர்த்தம் வந்துவிட்டது. அவள் சுற்றிப் போனால் பயந்து போகிறாள். நேராகப் போனால் துணிந்து போகிறாள்.

புதன்கிழமை காலை அவள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போன நேரம் பார்த்து, படகின் மூடிக்குக் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டினான். மூடியைத் திறந்தால் நூல் அறும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கொல்லையிலிருந்து வந்து பார்த்தான். நூல் இல்லை.

ரேணுகா களத்தில் உட்கார்ந்து புளியை உடைத்துத் தோட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முதுகில் விழுந்திருந்தது.

“படக தொறந்தியா?”

“தொறந்தேன்.”

அவள் இல்லையென்று சொல்வாள் என்று எதிர்பார்த்து அதற்குத்தான் அவன் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தான். “எதுக்கு?”

“நாறிச்சு. உள்ள தண்ணி நின்னுது. அப்படியே மாட்டி வெச்சிட்ட. தொறந்து வெயில்ல ஒரு மணி நேரம் கவுத்து வெச்சேன். தொடச்சி மாட்டிட்டேன்.”

“இதுக்கு முன்ன எத்தினி வாட்டி தொறந்த?”

அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். “இதுக்கு முன்ன தொறக்கல.”

“நெசமா?”

“அந்த நூலு,” என்றாள் ரேணுகா, “நீ கட்னதா?”

அவன் களத்தில் சிதறிக் கிடந்த தோட்டைப் பார்த்தான்.

“நான் அத்த ஏதோ சிலந்திக் கூட்டு நூலுன்னு நெனச்சி அறுத்துப் போட்டேன். அப்புறமா கைல பாத்தா முடிச்சு கீது. என் பொட்டியில கீற கறுப்பு நூலு. யாரு கட்னான்னு நேத்துலேந்து நான் யோசிச்சிகினு இருந்தா... நீ கட்னியா?”

“பெல்வின்ண்ணன் சொல்லிச்சி…”

“அவரு கட்டச் சொன்னாரா?”

“பாத்துக்கன்னு சொல்லிச்சி.”

“நீ பாத்துகின.” அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தோட்டைத் தட்டினாள். “ஆடு திருடன புடிக்க கண்ணி வெப்பாங்க. நீ பொண்டாட்டிக்கு வெச்சிருக்க. இன்னா சொல்லணும்னு நெனக்கற, நேரா சொல்லு.”

“நீலாவதி சொன்னா, படகுக்கு ஒரு முடிவு கட்றேன்னு நீ சங்கத்துல சொன்னியாமே.”

“சொன்னேன்.”

“கட்டிட்டியா?”

வாயிலிருந்து போன பிறகுதான் அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ரேணுகா கத்தவில்லை, அழவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ்ஸில் அடையாளம் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது அது.

அன்றைக்கும் அவள்தான் சமைத்தாள். மறுநாள் காலை தண்ணீர் நிரப்பினாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள், களியும் கீரையும் செய்து மூடி வைத்தாள். பிறகு ஒரு கட்டைப்பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “எங்க அண்ணன் வூட்டுக்கு போறேன்” என்றாள். எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் தான் இறங்கிப்போனதாக ஆகும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஏழரை மணி பஸ் வளைவில் இறங்குகிற சத்தம் கேட்டபோது, குற்றம் செய்யாதவள் எதற்குப் போக வேண்டும் என்றும் தோன்றியது. தனியாக இருக்கிற வீட்டில் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமைக்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சங்கத்துப் பெண்கள் குட்டையில் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் உலுக்கின புளியைப் பொறுக்க ஆளில்லாமல் மரத்தடியில் ஆடு தின்றது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெல்வின் வந்தான். புது கண்ட்ரோலரை ஒரு டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“தங்கச்சி எங்க?”

“அண்ணன் வூட்டுக்கு போயிருக்கா.”

“விசேஷமா?”

அர்ச்சுனன் படகைக் கயிற்றிலிருந்து இறக்கினான். பெல்வினும் மேலே கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குப் பாதி புரிந்தது. இருவரும் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கருகினதைக் கழற்றி, புதியதன் அடியில் சூடு கடத்துகிற வெள்ளைப் பசையைத் தடவி, திருகுகளை இறுக்கினார்கள். பழைய ரப்பர் குழாயையே மாட்டி, இந்த முறை மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கினான் பெல்வின். “இப்ப எவன் புடுங்கறான் பாப்போம்” என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கினான்.

எல்லாம் மாட்டியான பிறகு, பெங்களூர்க் கடையில் பழகின வழக்கப்படி அர்ச்சுனன் பின்பக்கப் பித்தளைக் குழாயில் வாயை வைத்து ஊதினான். கன்னம் உப்பியது. காற்று போகவில்லை.

“மடங்கியிருக்கும்” என்றான் பெல்வின்.

மடங்கவில்லை. கண்ட்ரோலர் வரைக்கும் கழற்றி ஊதினால் காற்று போனது. அதற்கு அந்தப் பக்கம், விலா ஓட்டைக்குப் போகிற குழாயில்தான் நின்றது. அர்ச்சுனன் சைக்கிள் கம்பி ஒன்றைத் தேய்த்து, விலா ஓட்டையில் மெதுவாக விட்டான். ஒரு விரற்கடை போனதும் முட்டியது. திருகினான். காய்ந்த செம்மண் பொடியாக உதிர்ந்தது. மறுபடி திருகினான். மண்ணுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ. வெளியே இழுத்துச் சாக்கில் தட்டியபோது ஏழெட்டுச் சின்னச் சிலந்திகள் விழுந்தன. கால் மடங்கி, சாகாமலும் அசையாமலும் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் அரிசி மணி அளவில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அதற்கும் பின்னால் இன்னொரு மண் தடுப்பு.

பெல்வின் குனிந்து பார்த்தான். “குளவி!”

சின்னக் கறுப்புக் குளவி. எறும்புக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கும். குட்டையோரத்து ஈரமண்ணை உருட்டிவந்து, மூங்கில் ஓட்டை, சாவித் துவாரம் என்று எங்கே துளை கிடைத்தாலும், புழுவுக்குத் தீனியாகச் சிலந்திகளைக் கொட்டிப் போட்டு, முட்டையிட்டு அடைத்துவிட்டுப் போகும். படகு புகைவதற்கு முந்தின வாரமே அது தண்ணீர் வெளியே போகிற வழியை அடைத்துவிட்டது. முதல் சுற்றில் விசிறி தள்ளின தண்ணீர் போக வழியில்லாமல் முட்டி, கண்ட்ரோலர் மூக்கிலிருந்து குழாயை உதறித் தள்ளியிருக்கிறது. உள்ளே தண்ணீர் நின்றதும் அதனால்தான்.

“குளவிப்பா! வெரலகலப் பூச்சிகூட இல்ல. இது போய் நம்ம ரெண்டு பேரையும்…” பெல்வின் தொடையில் தட்டிச் சிரித்தான். மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கின சிரிப்பு. அர்ச்சுனன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“எத்தினி நாளாச்சு தங்கச்சி போயி?”

“வெள்ளிக்கெழமை போனா.”

“கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

பெல்வின் சாக்கின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “நான்தானே மொதல்ல வாயத் தொறந்தேன். நான் வர்றேன். ரெண்டு பேரும் போலாம். தங்கச்சி கால்ல வுழுந்தாலும் வுழறேன்.”

“நீ வாயத்தான் தொறந்தண்ணே. நூலு கட்னது நானு.” அர்ச்சுனன் புழுவையும் சிலந்திகளையும் மண் கட்டியையும் ஒரு தீப்பெட்டியில் தள்ளி மூடினான். “நீ வாணாம். நானே போறேன்.”

அன்றைக்குப் படகைத் தண்ணீரில் விடவில்லை. பெல்வின் அதை வண்டியின் பின்னால் கட்டி எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

திங்கட்கிழமை அர்ச்சுனன் இரண்டு பஸ் மாறி, செங்கம் பக்கத்து இறக்கத்தில் இறங்கி, ஒரு மைல் நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. ரேணுகாவின் அண்ணன், பெயர் சின்னக்குழந்தை, கொல்லையிலிருந்து வந்தவன் வீட்டு வாசலிலேயே எதிர்ப்பட்டான்.

“வா மாப்ள” என்றான். குரலில் எதுவும் இல்லை. “காந்தா, மாப்ளைக்கு கூழு குடு.” பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயே விட்டான். மற்ற சமயமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பெங்களூர்க் கதை கேட்கிறவன்.

காந்தா கூழையும் வெங்காயத்தையும் வைத்துவிட்டு உள்ளே போனாள். ரேணுகா களத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து கட்டையால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கோழிகள். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. அவன் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“குளவி, ரேணுகா.”

“இன்னா குளவி?”

“தண்ணி வெளிய போற ஓட்டைல குளவி மண்ணு வெச்சி அடச்சிருந்துது. அதான் கொழா கழண்டுது. யாரும் கை வெக்கல.” தீப்பெட்டியை நீட்டினான். “இத்த பாரு.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திறந்து பார்த்தாள். பொறுமையாகத்தான் பார்த்தாள், ஒரு சிலந்தியைக் குச்சியால் புரட்டிக்கூடப் பார்த்தாள்.

“சாட்சி கொண்டாந்துகிற.”

“உனக்கு காட்ணும்னுதான்…”

“எனக்கு எதுக்கு? நான் புடுங்கலன்னு எனக்கு தெரியாதா?”

அவள் தீப்பெட்டியைக் கோழிகளுக்கு நடுவில் கவிழ்த்தாள். ஒரு பெட்டை ஓடிவந்து புழுவைக் கொத்தியது. சிலந்திகளுக்கு இரண்டு கோழிகள் சண்டை போட்டன. மண் கட்டியைக் காலால் தேய்த்துவிட்டு அவள் காலிப் பெட்டியை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இப்ப குளவியும் இல்ல, மண்ணும் இல்ல. இது உன் கண்ணுல படாமயே போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப? இப்ப சொல்லு.”

கட்டை அவள் மடிமேல் இருந்தது. அவனுக்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. நீ அப்படிப்பட்டவள் இல்லையென்று எனக்கு உள்ளூரத் தெரியும். பெல்வின் பேச்சைக் கேட்டு ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன். எப்படியும் நானே வந்திருப்பேன். ஒவ்வொன்றும் நாக்கு வரை வந்தது. எதிரே அவள் கண் அசையாமல் இருந்தது.

“நீதான் புடுங்கனன்னு சொல்லிகினு இருந்திருப்பேன்” என்றான்.

“எத்தினி நாளைக்கி?”

“தெரியல. சாவறவரைக்கும்கூட மனசுல ஒரு பக்கம் இருந்திருக்கும்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காந்தாவின் கை நின்றது. ரேணுகா தலையைக் குனிந்து ஒரு புளியை எடுத்துக் கல்லில் வைத்தாள். ஒரு தட்டு. கொட்டை தெறித்தது. இன்னொன்று. பத்துப் பதினைந்து தட்டின பிறகு பேசினாள்.

“முடிவு கட்றேன்னு சொன்னேனே, அது இன்னான்னு தெரியுமா? ஞாயித்துக்கெழம மட்டும், மதகு பக்கம் மட்டும் ஓட்டட்டும், மீனுக்கு நான் பொறுப்புன்னு மீதி ஏழு பேரு எதுர்ல கையெழுத்து போட்டேன். நோட்டு நம்ம வூட்லதான் கீது. நூலு கட்ன எடத்துக்கு நாலடி தள்ளி.”

அர்ச்சுனன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அழுதான். சத்தமில்லாமல் அழத் தெரியாதவனுக்கு, மாடு மூச்சிழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

“நல்லவேள, பொய் சொல்லல நீ” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “எனக்கு தெரியும், உன்ன எப்பவும் நம்பினேன் அது இதுன்னு ஆரம்பிச்சிருந்தா, அண்ணன கூப்ட்டு பஸ் ஏத்தி உடச் சொல்லியிருப்பேன்.”

“வருவியா?”

“இங்க புளி நாளைக்கி முடியுது. அண்ணி ஒண்டியா தட்டினு கீது. நாளன்னிக்கி வர்றேன்.” ஈரக் கண்ணை முழங்கையால் துடைத்தாள். “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நம்பறேன்னு எங்கிட்ட வாயால சொல்லாத. இனிமே எப்பவும் சொல்லாத. எனக்கு கேக்க சகிக்காது.”

அவன் தலையாட்டினான். பிறகு, பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்ததால், இன்னொரு கட்டையை எடுத்துக்கொண்டு அந்தச் சாக்கின் மறுஓரத்தில் உட்கார்ந்து தட்டினான்.

புதன்கிழமை நாலு மணி பஸ்ஸில் ரேணுகா வந்தாள். நேராக வீட்டுக்கு வரவில்லை. குட்டைக்குப் போய்க் கரையில் நின்று மீன் மேலே வருகிறதா என்று பார்த்தாள். நீலாவதியிடம் நாலு வார்த்தை பேசினாள். அந்த நாலு வார்த்தைக்குப் பிறகு நீலாவதி ஒரு மாதம் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. போட்டிக்குப் பெல்வின் தனியாகத்தான் போனான். படகு எட்டுச் சுற்றும் புகையாமல் ஓடி நாலாவதாக வந்தது. ஊர் திரும்புகிற வழியில் மலையேறி வந்து, அடுப்பங்கரை வாசலில் நின்று ரேணுகாவிடம் மன்னிப்புக் கேட்டான். “சோறு தின்னுட்டு போண்ணா” என்று மட்டும் சொன்னாள் அவள்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் புதன்கிழமை அவள் கட்டைப்பையோடு வாசலுக்கு வந்தபோது, அர்ச்சுனன் கால்மணி நேரமாகக் கதவுக்கு உட்பக்கமே நின்றிருந்தான். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது, அதுவோ சொல்லக்கூடாதது. பையை வாங்கிக்கொண்டான்.

“தண்ணி குடிக்கறியா?” என்று கேட்டான்.

“குடு” என்றாள்.